மூளையின் செரோடோனினை மோப்பம் பிடிக்கும் புரதங்கள்: 1963-ல் சென்னையில் வரையப்பட்ட சார்ட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

செரோடோனின் என்ற பெயரை நீங்கள் இரண்டு இடங்களில் கேட்டிருக்கலாம். ஒன்று, 'ஹேப்பி ஹார்மோன்' என்று சொல்லிக்கொண்டு வரும் ரீல்ஸ். இன்னொன்று, மனச்சோர்வுக்காக உங்களுக்கோ, உங்கள் டீமில் யாருக்கோ டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. இன்று பரவலாகத் தரப்படும் மனச்சோர்வு மாத்திரைகளில் பல, நரம்பணுக்கள் வெளியே விட்ட செரோடோனினை அவையே திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுப்பவை. மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே இந்தத் தடுப்பு வேலை தொடங்கிவிடும். ஆனால் மனசு லேசாக வாரக்கணக்கில் ஆகும். நடுவில் மூளைக்குள் என்னதான் நடக்கிறது? முழுப் பதில் இன்னும் இல்லை.

பதில் கிடைக்காமல் போனதற்கு ஒரு காரணம் ரொம்ப எளிமையானது. உயிருள்ள மூளையில் செரோடோனினை நொடிக்கு நொடி பார்ப்பது ரொம்பக் கடினமாக இருந்தது. ஆய்வக எலியின் மூளைக்குள் மெல்லிய குழாயைச் செருகி, சொட்டுச் சொட்டாகத் திரவம் எடுத்து அளப்பார்கள். ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே நிமிடங்கள் ஓடிவிடும். ஐபிஎல் மேட்ச்சை, ஐந்து ஓவருக்கு ஒருமுறை ஸ்கோரை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்வது மாதிரி. யார் அடித்தார், யார் அவுட் என்பதெல்லாம் போயே போச்சு.

கடந்த சில ஆண்டுகளில் இது மாறியிருக்கிறது. செரோடோனின் வந்து ஒட்டியதும் கூடுதலாக ஒளிரும் புரதங்களை விஞ்ஞானிகள் வடிவமைத்திருக்கிறார்கள். 2020 டிசம்பரில் 'செல்' இதழில் அமெரிக்காவின் லின் டியான், லோரன் லூகர் குழுவினர் ஒன்றை வெளியிட்டார்கள். பெயர் 'ஐசீரோஸ்னிஃபர்'. மோப்பம் பிடிப்பது என்ற அர்த்தம் வருகிற மாதிரி வேண்டுமென்றே வைத்த பெயர். பெய்ஜிங்கில் யூலாங் லீ குழுவினர் 'கிராப்' என்ற வரிசையில் இன்னொரு வகையைக் கொண்டுவந்தார்கள். 2021-ல் வந்த அவர்களின் முதல் செரோடோனின் சென்சார், மூளையில் இயல்பாகவே இருக்கும் ஒரு செரோடோனின் ஏற்பியை அடித்தளமாகக் கொண்டது. 2024-ல் வேறொரு ஏற்பிக்கு மாறி, பச்சை, சிவப்பு இரண்டு நிறங்களிலும் மேம்பட்ட சென்சார்களைத் தந்தார்கள்.

இந்த 'மேம்படுத்துவது' என்றால் என்ன? புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோர்த்த சரம். ஒவ்வொரு இடத்திலும் 20 வகையில் ஒன்று உட்காரலாம். செரோடோனின் வந்து அமரும் குழியைச் சுற்றி 10 இடங்களை மாற்றிப் பார்க்க நினைத்தால், 20-ஐ 10 முறை பெருக்க வேண்டும். விடை 10 லட்சம் கோடிக்கும் மேல். எல்லாவற்றையும் செய்து பார்க்க எந்த ஆய்வகத்திலும் முடியாது. அதனால் முதலில் கம்ப்யூட்டரில் வடிகட்டுகிறார்கள். 'ஐசீரோஸ்னிஃபர்' குழு பாக்டீரியாப் புரதம் ஒன்றிலிருந்து கிளம்பியது. அதை வைத்து முன்பே செய்திருந்த சென்சார் அசிடைல்கோலினைப் பிடிக்கும், செரோடோனினைக் கண்டுகொள்ளாது. அதைத் திசைதிருப்ப 'ரோசெட்டா' என்ற புரத வடிவமைப்பு மென்பொருளையும், பிறகு மெஷின் லேர்னிங்கையும் பயன்படுத்தினார்கள்.

ரோசெட்டா ஒவ்வொரு புரத வடிவத்துக்கும் மார்க் போடும். அந்த மார்க்கைக் கூட்டுகிற பல கூறுகளில் ஒன்றின் பெயர், கோடில் அப்படியே இருக்கிறது: 'ராமா'.

ராமர் இல்லீங்க, ராமச்சந்திரன். முழுப்பெயர் கோபாலசமுத்திரம் நாராயணன் ராமச்சந்திரன். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்து அரை மணி நேரம்

நீங்கள் பெங்களூரில், கன்டோன்மென்ட் பக்கம் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்ப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும் பகுதிதான். ஞாயிறு காலை வண்டியை எடுத்து, ஜெயமஹால் ரோடு வழியாக மேக்ரி சர்க்கிளைப் பிடித்து, சர் சி.வி. ராமன் அவென்யூவில் போனால் ராமன் ஆராய்ச்சி நிலையம் வரும். இன்னும் போனால் இந்திய அறிவியல் கழகம். ஆட்டோக்காரருக்கு 'டாட்டா இன்ஸ்டிட்யூட்'. ட்ராஃபிக் இல்லாவிட்டால் அரை மணி நேரம்கூட ஆகாது. ராமச்சந்திரனின் வாழ்க்கையில் இந்த வளாகம் இரண்டு முறை வருகிறது. அவர் சாதித்த மிகப் பெரிய வேலை அந்த இரண்டுக்கும் நடுவில், சென்னையில் நடந்தது.

அவர் பிறந்தது 1922 அக்டோபர் 8, எர்ணாகுளத்தில். அப்பா கணிதப் பேராசிரியர், அங்கே மகாராஜா கல்லூரியில். கணக்கு வீட்டிலேயே கிடைத்தது. பட்டப்படிப்புக்குத் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, இயற்பியல் ஆனர்ஸ், 1942-ல் முடித்தார். அதே ஆண்டு பெங்களூர் வந்து இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். எந்தத் துறையில் தெரியுமா? எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங். அப்போது அங்கே இயற்பியல் துறையில் இருந்த சி.வி. ராமனின் கண்ணில் பட்டதும், பையன் இயற்பியலுக்கு இழுக்கப்பட்டான். ராமன் அந்தத் துறைத் தலைவரிடம் போய்ப் பேசி வாங்கிவந்தார் என்று கதையாகவே சொல்வார்கள்.

ராமனிடம் அவர் கற்றது ஒளியும் படிகமும். வைரத்தை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்தார். படிகத்தின் மீது எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால் சிதறி வரும் புள்ளிகளை வைத்து, உள்ளே அணுக்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவதுதான் இந்தத் துறையின் சாரம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்.சி., டி.எஸ்.சி. பட்டங்களையும் இங்கிருந்துகொண்டே வாங்கினார். 1947-ல் கேம்பிரிட்ஜ், கேவண்டிஷ் ஆய்வகம். 1949-ல் பி.எச்.டி.யுடன் திரும்பி மறுபடி பெங்களூர்.

1952-ல் திருப்பம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்கு ஒரு தலைவரைத் தேடினார். ராமனைத்தான் முதலில் கேட்டார். ராமன் தன்னால் வர முடியாது என்று சொல்லி இவரைக் கைகாட்டினார். முப்பது வயதை ஒட்டிய ஒருவருக்குப் பேராசிரியர் பதவி, துறைத் தலைவர் நாற்காலி, கிண்டியில் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டிய ஆய்வகம். இன்றைய ஸ்டார்ட்அப் மொழியில், முதல் நாளிலிருந்து தொடங்குகிற வேலை.

கங்காரு வாலும் கயிறும்

என்ன ஆராய்வது? அந்த ஆண்டு சென்னை வந்த பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜே.டி. பெர்னலுடன் பேசியபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்பது தெரியவந்தது. கொலாஜன் என்றதும் இன்று உங்களுக்கு ஃபேஸ் க்ரீம் விளம்பரம் ஞாபகம் வரலாம். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் புரதம் அது. நம் உடம்பில் மிக அதிகம் இருக்கும் புரதமும் அதுதான். லைனஸ் பாலிங் 1951-ல் முன்வைத்த மாதிரி சரியாக வரவில்லை. போட்டி திறந்தே கிடந்தது.

சென்னைக்கு ஒரு வசதி இருந்தது. கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே கொலாஜன்தானே. மாதிரிகள் கிடைத்தன. அதில் நல்ல எக்ஸ்-கதிர்ப் படம் தந்தது கங்காரு வால் தசைநாண். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த துப்பு ஒரு எண். கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சின்னது இது. பக்கக் கிளை என்று சொல்ல ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. மூன்றில் ஒன்று என்ற விகிதம் சும்மா வருமா? மூன்று சரங்கள் ஒன்றோடொன்று நெருங்கி, நடுவில் இடமே இல்லாத அளவுக்கு இறுகியிருந்தால், அந்த நடு இடத்தில் கிளைசின் மட்டும்தான் அடங்கும். ஒவ்வொரு சரத்திலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் இருந்தால் கணக்கு நேராகிறது. 1954-ல் 'நேச்சர்' இதழில் இந்த மூன்று சர அமைப்பு வெளியானது.

1955-ல் அதை அவர்களே திருத்தினார்கள். மூன்று சரங்களும் நேராக நிற்காமல் ஒன்றை ஒன்று சுற்ற வேண்டும் என்றார்கள். கயிறு திரிப்பதைப் பார்த்திருந்தால் சட்டென்று புரியும். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கம் முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால்தான் கயிறு பிரியாமல் நிற்கும். கொலாஜனும் அதே தொழில்நுட்பம். ஒவ்வொரு சரமும் இடப்பக்கம், மொத்தக் கயிறும் வலப்பக்கம்.

அதே ஆண்டு, டிஎன்ஏ புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 'நேச்சர்' இதழிலேயே தங்கள் கொலாஜன் மாதிரியை வெளியிட்டார்கள். சுற்றிய மூன்று சரம் என்ற அடிப்படை அதிலும் உண்டு. ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று ரொம்ப நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவு நெருக்கம் சாத்தியமில்லை என்பது அவர்கள் வைத்த குறை. சரங்களைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு என்று சென்னை சொன்னது. ஒன்றுதான் என்றது கேம்பிரிட்ஜ்.

யார் சொன்னது சரி? இந்த இடத்தில் நம்மாளு என்ற பாசத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துப் பார்ப்போம். 1994-ல் கொலாஜன் போன்ற ஒரு துண்டின் துல்லியமான படிக அமைப்பு வெளியானது. நேரடியான பிணைப்பு ஒன்றுதான். அந்த விஷயத்தில் கிரிக், ரிச் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் மூன்று சரம், மூன்றாவது இடத்தில் கிளைசின், எதிரெதிர் முறுக்கு என்ற மைய யோசனை ராமச்சந்திரன், கர்த்தாவுடையது. அதை முதலில் அச்சில் வைத்ததும் அவர்கள். அப்படியிருந்தும் நெடுங்காலம் கொலாஜன் மாதிரி என்றால் பலரும் ரிச், கிரிக் பெயரைத்தான் சொன்னார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் அதே ஆண்டு இதையொட்டிய மாதிரி வெளியானதால், சென்னையின் பெயர் இன்னும் பின்னால் போனது.

எவ்வளவு நெருக்கம், ரொம்ப நெருக்கம்?

இங்கேதான் கதை எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறது. நான் டேட்டாவை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன், அதனால் இந்தப் பகுதி கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமர்சனத்துக்குப் பதிலாக ராமச்சந்திரன் கோபமான கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம். அவர் வேறு கேள்வியைக் கையில் எடுத்தார். இரண்டு அணுக்கள் இவ்வளவுதான் நெருங்கலாம் என்று யார் தீர்மானித்தது? அந்த எண் எங்கிருந்து வந்தது?

அதுவரை அமைப்பு கண்டுபிடிக்கப்பட்ட படிகங்களின் ஆய்வுக் கட்டுரைகளை எல்லாம் அவரும் வி. சசிசேகரனும் தோண்டினார்கள். ஒவ்வொன்றிலும் கார்பனுக்கும் கார்பனுக்கும் எவ்வளவு தூரம், கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் எவ்வளவு என்று எடுத்துப் பட்டியல் போட்டார்கள். இன்று நாம் 'டேட்டாசெட் கட்டுவது' என்கிறோமே, அதேதான். எக்செல் மட்டும் இல்லை.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எண்கள் இருந்தன. இயல்பான குறைந்தபட்ச தூரம் ஒன்று. அபூர்வமாகக் காணப்படும் கடைசி எல்லை இன்னொன்று. இரண்டு கார்பன் அணுக்களுக்கு இயல்பான எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 3.0. கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் 2.8, 2.7. ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. 0.2 ஆங்ஸ்ட்ராமுக்காகவா இவ்வளவு சண்டை என்று கேட்டால், ஆமாம், அதற்காகத்தான்.

பட்டியல் கையில் வந்ததும் கேள்வி பெரிதானது. கொலாஜனை விடுங்கள், எந்தப் புரதமாக இருந்தாலும் அதன் முதுகெலும்பு எப்படியெல்லாம் மடங்க முடியும்?

சீட்டுக்கட்டு அட்டைகளை மூலையோடு மூலை இணைத்து ஒரு சரம் செய்யுங்கள். அட்டைகள் வளையாது. அது பாலிங் குழுவினர் ஏற்கெனவே காட்டியது. மூலையில் மட்டும் திருகலாம். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு திருகு: இந்தப் பக்கத்து அட்டையை ஒன்று, அந்தப் பக்கத்து அட்டையை இன்னொன்று. இந்த இரண்டு கோணங்களுக்கும் ஃபை, சை என்று பெயர். ஒவ்வொன்றும் 360 டிகிரி சுற்றலாம். டிகிரி டிகிரியாக எண்ணினால் 360 பெருக்கல் 360, அதாவது 1,29,600 நிலைகள். ஒரே ஒரு மூலையில். சென்சார்களில் ஒளிரும் வேலையைச் செய்யும் பச்சை ஒளிர் புரதத்தில் 238 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. மொத்தம் எத்தனை வடிவம் சாத்தியம் என்று கால்குலேட்டரில் போட்டால் அது 'எர்ரர்' காட்டும்.

ஆனால் திருகும்போது அணுக்கள் இடித்துக்கொள்ளும். பீக் அவர் பிஎம்டிசி பஸ்ஸில் நிற்கிறீர்கள். கையை எந்தப் பக்கமும் நீட்டலாம் என்பது ஏட்டுக்கு. நீட்டினால் யார் முகத்திலாவது படும். இடிக்காமல் நீட்டக்கூடிய திசைகள் இரண்டோ மூன்றோதான்.

ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் செய்தது இதுதான். ஃபையை ஒரு அச்சில், சையை இன்னொரு அச்சில் வைத்தார்கள். கோண ஜோடிகளைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் அணுக்களுக்கு இடையே தூரம் கணக்கிட்டார்கள். பட்டியலில் உள்ள எல்லையை மீறினால் அந்த இடம் தடை. மீறாவிட்டால் அனுமதி. கம்ப்யூட்டர் கிடையாது. மேசைக் கணக்கீட்டு இயந்திரத்தில் ராமகிருஷ்ணன் எண்ணெண்ணாகத் தட்டிய வேலை.

முடிவில் வந்த சார்ட்டைப் பாருங்கள். சதுரத்தின் முக்கால் பங்குக்கு மேல் காலி. கடலில் சில தீவுகள் மாதிரி அனுமதிக்கப்பட்ட பகுதிகள். புரதங்களில் அடிக்கடி காணப்படும் ஆல்ஃபா சுருள் ஒரு தீவில் விழுகிறது. பீட்டா தகடு இன்னொன்றில். சண்டைக்குக் காரணமான கொலாஜனும் அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள்தான். இரண்டு வகை எல்லை வைத்திருந்தார்கள் அல்லவா, அதனால் ஒவ்வொரு தீவுக்கும் இரண்டு கரை. உள்கரை உறுதியானது, வெளிக்கரை கொஞ்சம் சந்தேகமானது. நிச்சயமின்மையை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் படத்திலேயே வரைந்துவிட்டார்கள். தேர்தல் கருத்துக்கணிப்பு சார்ட் போடுகிற நாங்களே இதைச் சரியாகச் செய்வதில்லை.

1963-ல் 'ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி' இதழில் ஐந்து பக்கங்களில் அது வெளியானது. அன்று முழுமையாகத் தெரிந்த புரத அமைப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூட இல்லை. அதாவது டேட்டா வருவதற்கு முன்னாலேயே டேட்டா எங்கே விழும் என்று வரைந்துவிட்டார்கள். பிறகு வந்த புரதங்களின் கோணங்களில் மிகப் பெரும்பான்மை அந்தத் தீவுகளுக்குள்ளேயே விழுந்தது. உலகம் அதை 'ராமச்சந்திரன் பிளாட்' என்று அழைக்கத் தொடங்கியது. மூவர் போட்டது, பெயர் ஒருவருக்கு. விஞ்ஞானத்தில் இது வழக்கம்தான் என்றாலும் ராமகிருஷ்ணன், சசிசேகரன் பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, செரோடோனினுக்கு வருவோம்

பச்சை ஒளிர் புரதத்தை ஜெல்லி மீனிலிருந்து 1962-ல் பிரித்துச் சொன்னவர் ஒசாமு ஷிமோமுரா. சென்னைக் கட்டுரைக்கு ஒரு வருடம் முன்பு. (2008-ல் அவருக்கும் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியன் இருவருக்கும் நோபல் கிடைத்தது.) அதன் அமைப்பு 1996-ல் தெரிந்தது. 11 பீட்டா இழைகள் சேர்ந்த ஒரு பீப்பாய். பீப்பாயின் நடுவில் 65, 66, 67 ஆகிய மூன்று அமினோ அமிலங்கள் தங்களுக்குள் வளைந்து இணைவதால்தான் ஒளிரும் பகுதி உருவாகிறது. 67-வது இடத்தில் இருப்பது யார்? கிளைசின். கொலாஜனில் நடுவே அடங்கிய அதே சின்ன ஆள். ராமச்சந்திரன் சார்ட்டில் கிளைசினுக்கு மட்டும் தீவுகள் ரொம்பப் பெரிது. பக்கக் கிளை இல்லாததால் இடிக்க ஆளில்லை. மற்றவர்களால் வளைய முடியாத இடத்திலும் அது வளையும். அந்த இடத்தில் வேறு ஒன்றை வைத்தால் ஒளிரும் பகுதி உருவாவதில்லை.

செரோடோனின் சென்சார் செய்ய, இந்தப் பீப்பாயை ஓரிடத்தில் வெட்டி, பழைய முனைகளை ஒட்டி, புதிய முனைகளைச் செரோடோனின் பிடிக்கும் புரதத்துக்குள் சொருகுகிறார்கள். செரோடோனின் வந்து அமர்ந்ததும் பிடிக்கும் புரதம் அசையும். அந்த அசைவு இணைப்பு வழியாகப் பீப்பாயை எட்டும். ஒளி கூடும். இணைப்பாக வைக்கும் சில அமினோ அமிலங்கள்தான் பெரும்பாலும் தலைவலி. இறுக்கமாக இருந்தால் அசைவு போய்ச் சேர்ந்தாலும் ஒளி மாறாது, தளர்வாக இருந்தால் அசைவே போய்ச் சேராது. கூடவே டோபமைன் போன்ற ஒத்த மூலக்கூறுகளுக்கு ஏமாறக் கூடாது. சில நொடிகளில் வந்து போகும் மாற்றத்தைத் தவறவிடக் கூடாது. மங்கலாக இருந்தால் மைக்ராஸ்கோப்பில் தெரியாது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: இந்த முதுகெலும்பு இப்படி மடங்க முடியுமா? 'ராமா' என்ற கூறு மார்க் போடுவது அதற்குத்தான். தீவுக்கு வெளியே இருக்கும் கோணங்களுக்கு மோசமான மார்க். இன்றைய 'ராமா', லட்சக்கணக்கான அளவீடுகளிலிருந்து செதுக்கிய நுணுக்கமான வடிவம். 1963-ன் இரண்டு கரைகள் அதில் அப்படியே இல்லை. தீவுகள் மட்டும் அதே இடத்தில் இருக்கின்றன.

சென்னையை விட்டு

1960-களில் கிண்டித் துறை உலகப் படத்தில் இருந்தது. 1967-ல் நடந்த கருத்தரங்குக்கு பாலிங்கே வந்தார். 1969-ல் முதலியாரின் 27 ஆண்டு துணைவேந்தர் காலம் முடிந்தது. அடுத்த ஆண்டே ராமச்சந்திரனும் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டுக் கிளம்பினார். ஒரு நிறுவனத்தின் தரம் ஒரு தனி மனிதரின் ஆதரவில் நிற்கும்போது இதுதான் நடக்கும் என்பது என் அபிப்பிராயம். கொஞ்ச காலம் சிகாகோ. பிறகு சதீஷ் தவான் இயக்குநராக இருந்த இந்திய அறிவியல் கழகம் அவரை அழைத்தது. பழைய வளாகம். 'மாலிக்யூலர் பயோஃபிசிக்ஸ் யூனிட்' என்ற புதிய துறை. சசிசேகரனும் ராமகிருஷ்ணனும்கூட அங்கே வந்து சேர்ந்தார்கள். கர்த்தா அதற்கு முன்பே அமெரிக்காவின் பஃபலோ போய், 1967-ல் ரிபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்த குழுவில் இருந்தார்.

அந்த மாற்றத்துக்கு நடுவில் இன்னொரு வேலையும் நடந்தது. 1971-ல் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து ஒரு கட்டுரை. பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து உள்ளே இருக்கும் பொருளின் முப்பரிமாணப் படத்தை வேகமாகக் கட்டும் கணக்குமுறை. உங்கள் வீட்டில் யாருக்காவது சிடி ஸ்கேன் எடுத்திருந்தால், அந்த இயந்திரங்களின் கணக்குக்கு அடிப்படையான முறைகளில் ஒன்று இது. மருத்துவ இமேஜிங் படிக்கும் மாணவர்கள் இன்றும் 'ராம்-லாக் ஃபில்டர்' என்றுதான் படிக்கிறார்கள். இதையொட்டிய முறையை வானொலி வானியலுக்காக பிரேஸ்வெல், ரிடில் இருவரும் 1967-லேயே எழுதியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. மனிதரின் தலையை முதன்முதலில் சிடி ஸ்கேன் செய்தது அதே 1971-ல், லண்டனில். 1979-ல் அதற்கான நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மேக்குக்கும் போனது.

ராமச்சந்திரனுக்கு நோபல் வரவில்லை. 1961-ல் பட்நாகர் விருது, 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1999-ல் சர்வதேச படிகவியல் ஒன்றியத்தின் எவால்ட் பரிசு. கடைசி விருது வந்தபோது உடம்பு முடியாமல் இருந்தார். 1998-ல் மனைவி ராஜலட்சுமி இறந்திருந்தார். பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் அவரை முடக்கியிருந்தன. மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால் வருவது பார்க்கின்சன். டோபமைனை ஒளிரவைத்துக் காட்டும் சென்சார்களும் இதே வழியில் பிறந்தவைதான். அவற்றில் முதல் சில 2018-ல்தான் வந்தன. அவர் இறந்தது 2001 ஏப்ரல் 7, சென்னையில்.

அவர் வரைந்ததை நீங்களே பார்க்க ஆசை என்றால், லேப்டாப்பில் புரதத் தரவு வங்கியின் தளத்தைத் திறந்து, ஒன்று, ஈ, எம், ஏ என்ற நான்கு எழுத்துக் குறியீட்டைத் தேடுங்கள். 1996-ல் வெளியான பச்சை ஒளிர் புரதத்தின் அமைப்பு அது. சுற்றிப் பாருங்கள், பீப்பாய் தெரியும். பக்கத்திலேயே அந்த அமைப்பின் தரச் சோதனை அறிக்கை, சிவப்பிலிருந்து நீலம் வரை ஓடும் சில பட்டைகளாக இருக்கும். புதிதாக வங்கியில் சேரும் ஒவ்வொரு புரத அமைப்புக்கும் இந்தச் சோதனை உண்டு. அந்தப் பட்டைகளில் ஒன்றுக்குப் பக்கத்தில், தீவுகளுக்கு வெளியே விழுந்த அமினோ அமிலங்கள் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். அந்த வரியின் முதல் சொல் 'ராமச்சந்திரன்'.